சேனை வைக்கப் போன சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால், சுங்கை பட்டாணி டவுனை ஒட்டிய எங்கள் பாக்கார் ஆராங் வீட்டு வரிசைக்கு முன்னால் ஒரு கூட்டம் சேரும். தலையில் கொட்டாங்கச்சி கவிழ்த்த மாதிரி தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தடித்த டயர் போட்ட சைக்கிள். நல்ல தார் ரோடு இவர்களுக்கு ஆகாது. கல்லும் செம்மண்ணுமாகக் கிடக்கும் எஸ்டேட் ரோடாகவும், பாரிட் கரையாகவும் பார்த்துத் தேடிப் போவார்கள். பாரிட் என்றால் வாய்க்கால்தான். இங்கே தமிழிலும் அதற்கு அதுதான் பேர். பக்கத்து வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். போன வாரம் கூட்டத்தோடு வேலியோரமாக வந்து நின்றார்.

"தாத்தா, செமிலிங் பக்கம் இருந்து பாரிட் கரையிலயே டவுனுக்கு வந்துறலாம்தானே லா? நீங்க ஜப்பான் காலத்துல அப்படி வந்தீங்களாமே. அக்கா சொன்னாங்க."

அக்கா என்று அவர் சொன்னது என் அண்ணன் மகளை. நான் இருப்பது அவள் வீட்டில்தான். "வந்தேன்" என்றேன். "ஜாலியா இருந்துச்சா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. மனிதர் நல்லவர், தெரியாமல் கேட்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். இந்தக் கதையே அந்தக் கோபத்தால் வந்த கதைதான் என்றும் சொல்லலாம்.

செமிலிங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், லயத்தின் கடைசி வீட்டில், நானும் அண்ணனும் அண்ணியும் இருந்தோம். அப்பா அம்மா சண்டை வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். நான் எதற்கெடுத்தாலும் கையை ஓங்குகிறவன். அவன் சோற்றில் கல் கிடந்தால்கூட யாருக்கும் தெரியாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவன். கங்காணி கத்தினாலும் "சரிங்க" என்பான். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குத்தான் பற்றி எரியும்.

சைக்கிள் என்னுடையது. ஜப்பான்காரன் வந்து கொஞ்ச நாளில் டயர் தேய்ந்து கிழிந்தது. வேறு டயர் கிடையாது. இந்த வேடிக்கையைக் கேளுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம். பிறந்ததிலிருந்து நாங்கள் அந்தப் பால் வாடையில்தான் மூச்சு விட்டோம். ஆனால் ஒரு சைக்கிளுக்கு டயர் போட வக்கில்லை. பாலை நாங்கள் எடுத்துக் கொடுப்போம், டயரை வேறு தேசத்தில் எவனோ செய்வான். கப்பல் நின்றதும் எல்லாம் நின்றது. கிழிந்த டயருக்குள் லாலாங் புல்லைத் திணித்துப் பார்த்தேன். தேங்காய் மட்டையைத் திணித்துப் பார்த்தேன். ஒரு மேடு ஏறி இறங்குவதற்குள் திணித்ததெல்லாம் வெளியே வந்து தொங்கும். நான் சைக்கிளைத் தூக்கி ரோட்டோரச் சாக்கடைக் கானில் வீசிவிட்டு நடந்து வருவேன். அண்ணன் போய் எடுத்துக்கொண்டு வருவான்.

கடைசியில் டயர் செய்தவன் அவன்தான். மரத்தில் வெட்டின இடத்தில் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை ஒட்டுப்பால் என்போம். அண்ணன் அதை உரித்துச் சேர்த்தான். தேங்காய் நார்க் கயிற்றை முறுக்கி, அதன்மேல் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றினான். சாயங்காலம் சாயங்காலம் அதே வேலை. பால் கொட்டாயில் புகை போட்டு எடுத்து, ரிம்மில் ஏற்றிக் கட்டினான். காற்றே இல்லாத கெட்டி டயர். உட்கார்ந்து மிதித்தேன், ஓடியது. லயமே வந்து வேடிக்கை பார்த்தது. "எப்படி?" என்று கேட்டான். "குறுக்கு ஒடியுது" என்றேன். சிரித்தான்.

ஆனால் ஒரு குறை இருந்தது. கம்பெனி டயரில் ஏதோ மருந்து சேர்ப்பார்களாம், அதனால் வெயிலில் இளகாது. எங்களிடம் புகை மட்டும்தான் இருந்தது. வெயில் ஏறினால் எங்கள் டயர் பிசுபிசுவென்று ஆகிவிடும். சரளைக்கல் ரோட்டில் போனால் கல்லை அள்ளி அள்ளி ஒட்டிக்கொள்ளும். பாரிட் கரையில் போனால் புல் ஒட்டும், ஆனால் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறதே, கொட்டாங்கச்சியில் மொண்டு ஊற்றினால் இறுகிக்கொள்ளும். அதனால் காலையில் கல் ரோடு, வெயிலில் பாரிட் கரை என்று வைத்திருந்தேன். கல் ரோடு குறுக்குவழி. பாரிட் கரை வளைந்து வளைந்து போகிற சுற்றுவழி.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தது அந்த மழைக்காலம் முடிந்த சமயம். ஒருநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்க நாங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், லாரி வந்து நின்றது. மூன்று மாத வேலை, அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். யாரும் அசையவில்லை. அப்புறம் முன்வரிசையிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அண்ணன் எப்போதும் நேரத்தோடு வருகிறவன், முன்வரிசையில்தான் நிற்பான். நான் எப்போதும் கடைசி. லாரி நிறைந்ததும் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். அவன் லாரியிலிருந்து என்னைப் பார்த்து, "அண்ணிய பாத்துக்கடா, நாளு நெருங்கிருச்சு" என்றான். நான் லாரியின் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். கத்தி என்ன ஆகப்போகிறது? புழுதி அடங்கியதும் ரோட்டில் நான் மட்டும் நின்றேன்.

அதற்கு அடுத்த நாள் அண்ணிக்கு வலி வந்தது. பெண் குழந்தை பிறந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அண்ணன் இதற்காகவே முன்கூட்டி ஏற்பாடு செய்திருந்தான். சீனி கண்ணில் படாத காலம் அது. பக்கத்து மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒருவரிடம் கெஞ்சி, நிசான் என்று அவர்கள் சொல்லும் வெல்லக்கட்டி ஒன்றை வாங்கி, சின்ன டப்பாவில் போட்டுக் கூரையில் தொங்கவிட்டிருந்தான். "எம்புள்ளைக்கு நாந்தான் வெப்பேன்" என்று அண்ணியிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

பிரசவம் பார்த்த அக்கா டப்பாவை இறக்கி, சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டில் ஆம்பிளை என்று மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயோ சாமி, இவன் வச்சா புள்ள நாளைக்கு என்னையே அடிக்கும்" என்றாள். அந்த நேரத்திலும் பெண்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

"சேனை வைக்காம பால் குடுக்கலாமா?" என்று அந்த அக்கா கேட்டாள்.

"பசிச்சிச்சு, குடுத்தேன். அது வேற, இது வேற."

மறுநாள் காலையில் டவுனிலிருந்து ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்தார். பிடித்துப் போனவர்களையெல்லாம் சுங்கை பட்டாணி ஸ்டேஷன் பக்கத்தில்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு மத்தியானம் ரயிலில் ஏற்றுகிறார்கள் என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

"தம்பி, சைக்கிள எடுங்க."

"எதுக்கு அண்ணி?"

"அவரு கையால சேனை வைக்கணும். நானும் புள்ளையும் வர்றோம்."

பச்சை உடம்புக்காரி. வாசல்படி தாண்டக்கூடாத நாள். பெண்கள் எல்லாரும் கூச்சல் போட்டார்கள். நானும் கத்தினேன். அவள் என்னைக் கத்தவிட்டுவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னாள்: "மூணு மாசத்துல வந்துருவாருன்னு சொல்றாங்க. வந்தா சரி. வரலன்னா? எம்புள்ளைகிட்ட அவருதுன்னு என்ன இருக்கும்? மொகம் என்னோடது, நீங்களே பாருங்க. அவரு கொணமாச்சும் இருக்கட்டும்." அதற்குமேல் என்னத்தைக் கத்துவது? போய் சைக்கிளைத் துடைத்தேன்.

கேரியரில் கோணிச்சாக்கை நாலாக மடித்துக் கட்டினேன். அண்ணி பக்கவாட்டில் உட்கார்ந்தாள். பிள்ளையை மார்போடு சேலையால் கட்டிக்கொண்டாள். ஒரு கையில் டப்பா, ஒரு கை என் இடுப்பு வாரில். அண்ணனுக்கென்று அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு இலைப் பொட்டலம், அதை ஹேண்டலில் தொங்கவிட்டோம். வெயில் அப்போதே ஏறிவிட்டது. பாரிட் கரை முழுக்கச் சுற்றினால் ரயில் போய்விடும். கல் ரோட்டில் முழுக்கப் போனால் டயர் போய்விடும். மரநிழல் இருக்கிறவரைக்கும் கல் ரோடு, நடுவில் பாரிட் கரை, கடைசியில் பாலத்துக்கு ஏறும் அந்த மொட்டைக் கல் ரோடு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு மிதித்தேன்.

கெட்டி டயரில் சரளைக்கல் ரோடு எப்படி இருக்கும் என்று அந்த வாத்தியாருக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து கேட்கும். எனக்கே அப்படி. பெற்றெடுத்து ஒரு பகல் முழுசாகத் தீராத உடம்புக்கு எப்படி இருந்திருக்கும்! பெரிய கல் வரும்போது மட்டும் என் வாரைப் பிடித்த கை இறுகும். நான் பெரிய கல்லை ஒதுக்குவேன், சின்னக் கல் இரண்டில் ஏறும். "மெதுவா போகட்டுமா அண்ணி?" என்று கேட்டால், "வேணாம், போங்க" என்பாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யார்மேல் என்றும் தெரியவில்லை. கல்லைத் திட்டினேன். அந்தக் கல்லைக் கொட்டிய வெள்ளைக்காரனைத் திட்டினேன். திட்டிக்கொண்டே மிதித்தேன்.

மரம் முடிந்து பாரிட் கரையில் இறங்கியதும் மூச்சு வந்தது. மண்பாதை, மெத்தென்று இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் அறுப்பு முடிந்த வயல். டயரைத் தொட்டுப் பார்த்தேன், இளக ஆரம்பித்திருந்தது. ரெண்டு மூன்று தடவை நிறுத்தி, பாரிட்டில் இறங்கித் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். ஒரு தடவை வயலில் நின்ற மலாய்க்காரர் ஒருவர் அண்ணியையும் சேலைக்குள் இருந்த பிள்ளையையும் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டார். பாலத்தின் பக்கம் கையைக் காட்டி, "ஜெப்புன் அடா" என்றார். அங்கே ஜப்பான்காரன் நிற்கிறான் என்கிறார். தெரியும். ஆனால் வேறு வழி கிடையாது. பாலத்தைத் தாண்டாமல், டவுனுக்கு முன்னால் வரும் சுங்கை லாலாங் பக்கம் போக முடியாது.

பாலத்துக்கு ஏறும் கல் ரோட்டில் நிழலே இல்லை. ஏறின கொஞ்ச நேரத்தில் டயர் தன் புத்தியைக் காட்டியது. கல் ஒட்டி ஒட்டிச் சக்கரம் குண்டானது. கடைசியில் ஒரு கல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் சிக்கிச் சக்கரமே நின்றது. நான் காலை ஊன்றிச் சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டேன். பாலத்தின் தலைமாட்டில் நின்ற சிப்பாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்களைக் கண்டால் இறங்கி, கையைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளைய வணங்க வேண்டும். அது சட்டம். நான் கையை எடுத்தால் அண்ணி பிள்ளையோடு விழுவாள். அதனால் ஹேண்டலைப் பிடித்தபடியே கழுத்தை மட்டும் வளைத்தேன். அண்ணி பின்னால் உட்கார்ந்தபடியே கோயிலில் கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். அவன் "பகேரோ!" என்று திட்டிக்கொண்டே வந்து என்னை அறைந்தான். அண்ணி எப்படியோ தானாகவே இறங்கி நின்றாள். அப்புறம் நான் முறையாகக் குனிந்தேன். அவன் குனிந்து டயரைப் பார்த்தான். அவனுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. விரலால் ஒரு அழுத்து அழுத்தினான். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தான், கறுப்பாக நூல் நூலாக வந்தது. கால்சட்டையில் துடைத்தான், அங்கேயும் ஒட்டியது. வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அவன் சிரிக்கவில்லை. சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லிச் சைகை காட்டினான்.

நின்றேன். உச்சி வெயில். டயர் இளகி என் தலைமயிரிலும் கழுத்திலும் இழையாக விழுந்தது. கை இறங்கினால் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் குத்துவான். அண்ணி பக்கத்தில் நின்றாள். அவள் சேலையில் பின்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. பிள்ளை அழுதது. ஊரில் எவனாவது என்னை ஒரு வார்த்தை சொன்னால் கையை ஓங்குகிற நான், அன்றைக்கு ஒரு முனகல்கூட விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் மாதிரி நின்றேன். கோபம் வராமல் இல்லை. வந்தது, தொண்டைவரைக்கும் வந்தது, முழுங்கினேன். அப்படி முழுங்கியதால் ஏதாவது பலன் இருந்ததா என்றால், ஒரு மண்ணும் இல்லை. அவனுக்குச் சலித்தபோதுதான் விட்டான். காலால் சைக்கிளைத் தள்ளிவிட்டு, போ என்று கையை வீசினான்.

பின்சக்கரத்து டயர் ரிம்மை விட்டு நழுவித் தொங்கியது. அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். அண்ணியை மறுபடி கேரியரில் ஏற்றி, வெறும் ரிம்மில் தள்ளிக்கொண்டு ஓடினேன். சுங்கை லாலாங் தாண்டி டவுன் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போனேன். ரிம் கல்லில் படும் சத்தத்தில் பிள்ளை அழுவதுகூடக் கேட்கவில்லை. "இன்னும் போயிருக்காது, இன்னும் போயிருக்காது" என்று அண்ணி பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள்.

போயிருக்கவில்லை. ஸ்டேஷனில் கூட்ஸ் பெட்டிகள் நீளமாக நின்றன. கதவு திறந்திருந்தது, உள்ளே நம் ஆட்கள் ஆடுமாடு மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு சிப்பாய்கள். வேலிக்கு இந்தப் பக்கம் பெண்களின் அழுகை. வேலி வாசலில் ஸ்டேஷன் கிராணி, அதாவது குமாஸ்தா, நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே வேலை. நான் அவர் காலில் விழாத குறை.

"ஐயா, பச்சப் புள்ளைங்க. அப்பன் வெரல ஒரு தடவ வச்சா போதும். சேனை வைக்கணும். ஒரே நிமிசம்."

அவர் அண்ணியைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விளங்குது தம்பி. ஆனா உள்ள விடேலாது. போனா சுட்டுப்போடுவாங்கள். நான் இஞ்ச பேருக்குத்தான் நிக்கிறன்." பிறகு குரலைத் தணித்து, "அந்தக் கடைசித் தூணடியில போய் நில்லுங்கோ. அங்கயிருந்து பெட்டியள் தெரியும்" என்றார்.

தூணடிக்கு ஓடினோம். அண்ணிதான் முதலில் கண்டுபிடித்தாள். "அந்தா! அந்தா!" என்றாள். ஒரு பெட்டியின் கதவோரத்தில் அண்ணன் நின்றான். இரண்டு மூன்று நாளில் மனிதன் அப்படி வாடுவானா? கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான் கத்தினேன். சுற்றிலும் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணி பிள்ளையை அவிழ்த்து இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். அவன் எங்களைப் பார்த்துவிட்டான். சிரித்தான். "பொண்ணு! பொண்ணு!" என்று அண்ணி தொண்டை கிழியக் கத்தினாள். கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினான்.

அப்புறம் அவன் ஒன்று செய்தான். வலது கையைத் தூக்கி வாயில் வைத்தான். பிறகு அந்தக் கையை எங்கள் பக்கமாக நீட்டினான். மறுபடியும் வாயில் வைத்தான், நீட்டினான். கதவை இழுத்துச் சாத்தினார்கள். ரயில் நகர்ந்தது.

அண்ணி அழவில்லை. முகம் மலர்ந்திருந்தது என்றுகூடச் சொல்வேன்.

"பாத்தீங்களா தம்பி? வாயத் தொட்டு உங்களக் காட்டுறாரு. சேனைய உங்களையே வைக்கச் சொல்லிட்டுப் போறாரு. அவரு சொல்லிட்டாருல்ல, இனி நீங்க வச்சாலும் அவரு வச்ச மாதிரிதான்."

"எங் கொணம் வந்துட்டா?" என்றேன்.

"வராது. அவரு சொல்லித்தானே வைக்கிறீங்க."

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் டப்பாவைத் திறந்தாள். வெயிலில் வெல்லம் இளகிப் பாகாகியிருந்தது. குழாயடியில் போய்க் கையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். ஒட்டுப்பால் போகவே இல்லை, விரல் நுனியெல்லாம் கறுப்பு. "கை அழுக்கு அண்ணி, போக மாட்டேங்குது" என்றேன். அண்ணி என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "அவரு செஞ்ச டயருதானே? பரவால்ல, வைங்க" என்றாள். வைத்தேன். பிள்ளை நாக்கைச் சப்புக் கொட்டியது. அப்போதுதான் அண்ணி அழுதாள். நானும் அழுதேன். ஸ்டேஷன் ரோட்டில் போகிறவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அழுகிறவர்கள் ரோடெல்லாம் இருந்தார்கள்.

சாயங்காலம் திரும்பினோம். பாலத்தில் வேறு சிப்பாய் நின்றான். முறையாகக் குனிந்தோம், விட்டான். பாரிட் கரைக்கு வந்ததும் அண்ணியால் கேரியரில் உட்காரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. கரையில் உட்காரவைத்தேன். பிள்ளை பாலுக்கு அழுதது. அவளுக்குப் பால் ஊறவில்லை. காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரு பருக்கை சாப்பிடவில்லையே. அப்போதுதான் ஹேண்டலில் தொங்கிய பொட்டலம் என் கண்ணில் பட்டது. அண்ணனுக்கு என்று எடுத்துப் போனது. தூணடியில் நின்றபோதும் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டுதானே நின்றேன்? பொட்டலம் அங்கேயேதான், அவன் கண்ணுக்கு நேராகத்தான், தொங்கிக்கொண்டிருந்தது.

"அவருக்குக் குடுக்கவே இல்லையே" என்றாள் அண்ணி.

"கம்பிக்கு அந்தாண்ட எப்படிக் குடுக்க? நீங்க சாப்பிடுங்க. புள்ளைக்குப் பால் வேணும்."

அவள் ஒரு துண்டு கிழங்கை எடுத்தாள். வாயில் வைத்தாள். இன்னொரு துண்டை எடுத்து, "நீங்களும் தின்னுங்க" என்று என் பக்கம் கையை நீட்டினாள்.

வாயில் கை. பிறகு என் பக்கமாக நீட்டிய கை. நான் அப்படியே அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் ரயில் கதவில் பார்த்த அதே கை. அண்ணன் சேனை வைக்கச் சொல்லவில்லை. சேனை வைக்காத பிள்ளையென்று அவனுக்கு எப்படித் தெரியும்? பசிக்கிறது, அதைக் கொடு என்று கேட்டிருக்கிறான். எதற்கும் வாயைத் திறந்து கேட்காத மனிதன், அன்றைக்கு இரண்டு தடவை கேட்டிருக்கிறான்.

"என்ன தம்பி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. சாப்பிடுங்க."

அண்ணனுக்கு எடுத்துப் போன கிழங்கை நாங்கள்தான் தின்றோம். நானும் தின்றேன். பசித்தது, தின்றேன். அங்கேயே புரிந்திருந்தாலும் என்ன கிழித்திருப்பேன்? கம்பிவேலி இருந்தது, துப்பாக்கி இருந்தது, அவ்வளவு தூரத்துக்கு வீசினாலும் போய் விழாது. இதையெல்லாம் எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அண்ணன் திரும்பி வரவில்லை. சயாமிலிருந்து திரும்பின ஒன்றிரண்டு பேரிடம் அண்ணி விசாரித்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் இறக்கும்வரைக்கும் அந்தக் கை என்ன சொன்னது என்று நான் வாய் திறக்கவில்லை. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

பிள்ளைக்கு யார் குணம் வந்தது என்கிறீர்களா? அட, என் குணம்தான், அச்சு அசல்! மார்க்கெட்டில் மீன்காரனோடு அவள் போடுகிற சண்டையைப் பார்க்க வேண்டுமே. அண்ணி இருந்தவரைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் ஒன்று, கையில் ஏதாவது முறுக்கவோ சுற்றவோ கிடைத்தால் மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்து மணிக்கணக்கில் செய்துகொண்டிருப்பாள். அது யாருடையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வாத்தியார் வேலியோரம் நின்று கேட்ட அன்றைக்கும், நான் பதில் சொல்வதற்குள் அவள் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். கையில் அவித்த மரவள்ளித் தட்டு. சைக்கிள்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாள். நான் மட்டும் தொடமாட்டேன். கிழவனுக்கு வீம்பு என்று அவள் நினைப்பு.

"எனக்கு எங்கப்பாதான் சேனை வச்சாரு, தெரியுமா லா?" என்று அவர்களிடம் ஆரம்பித்தாள். "ரயில்ல நின்னுகிட்டே வச்சாரு. இப்படித்தான் காட்டுனாராம். சித்தப்பாவே கண்ணால பாத்தாரு, கேளுங்க."

கையைத் தூக்கி வாயில் வைத்தாள். பிறகு அந்தக் கையை என் பக்கமாக நீட்டினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "அப்படித்தான் காட்டுனாரு."